வீட்டு சோலார் பேட்டரியை வெளியே வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியில் சோலார் போட்ட வீடுகளில் இப்போது பேட்டரியும் சேர்க்கலாமா என்ற பேச்சு நிறைய நடக்கிறது. வாங்குவது என்று முடிவானதும் வருகிற முதல் சிக்கல் இடம்தான். வீட்டுக்குள் இடமில்லை, அல்லது உள்ளே வைக்கப் பயமாக இருக்கிறது, அதனால் வெளியே வைக்கலாமா என்று கேட்கிறார்கள். சென்னையிலிருந்து கடலூர் வரையிலான வீடுகளை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். மேற்கு, தெற்கு மாவட்டங்களுக்குப் பதில் மாறும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: இடத்தை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற பேட்டரியை வாங்குங்கள். வாங்கிய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு இடம் தேடுவதில்தான் பாதிப் பிரச்சினைகள் தொடங்குகின்றன.

வெளியே வைப்பது பாதுகாப்பானதா?

லித்தியம் பேட்டரியைப் பொறுத்தவரை, சரியான இடம் அமைந்தால் வீட்டுக்குள் வைப்பதைவிட வெளியே வைப்பதே மேல். ஏதாவது கோளாறு வந்து பேட்டரி புகைய ஆரம்பித்தால், அந்தப் புகையில் விஷவாயுவும் தீப்பற்றும் வாயுவும் இருக்கும். படுக்கையறையிலோ மாடிப்படிக்கு அடியிலோ அது நிறைவதைவிடத் திறந்த வெளியில் கலைந்து போவது நல்லது. பிரிட்டனில் 2024-ல் வெளியான பாஸ் 63100 என்ற வழிகாட்டு நெறியும் முடிந்தவரை வெளியே வைக்கச் சொல்கிறது. படுக்கையறை, படிக்கட்டு, பரண் ஆகிய இடங்களில் வைக்கக் கூடாது என்கிறது.

நம் ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு என்றே ஒதுக்கிவைத்தது போல மாடிப்படிக்கு அடியில் ஒரு இடம் இருக்கும். இரவில் தீப்பிடித்தால் மாடியில் தூங்குகிறவர்கள் இறங்கி வர வேண்டியது அந்தப் படி வழியாகத்தான். அந்த இடத்தில் வைக்காதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் பொது வராந்தாவிலும் படிக்கட்டுத் திருப்பத்திலும் வைப்பது அதைவிட மோசம்.

எல்லா லித்தியம் பேட்டரியையும் வெளியே வைக்கலாமா?

இல்லை. பேட்டரியின் ஐபி எண்ணைப் பாருங்கள். இதில் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது தூசி, பூச்சி உள்ளே போவதைத் தடுக்கும் திறன். இரண்டாவது தண்ணீரைத் தடுக்கும் திறன். ரேக்கில் அடுக்கிவைக்கும் பேட்டரிகள் பல ஐபி 20 வகை. அவற்றுக்குத் தண்ணீரிலிருந்து பாதுகாப்பே கிடையாது, உள்ளே வைக்க மட்டும்தான். ஐபி 55 என்றால் குழாயால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். ஐபி 65 அதோடு தூசியையும் முழுமையாகத் தடுக்கும். ஐபி 67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வரை மூழ்கினாலும் தாங்கும்.

வெளியே வைக்கக் குறைந்தது ஐபி 55 வேண்டும். மழையடிக்கும் சுவர் என்றால் ஐபி 65-க்குக் கீழே போக வேண்டாம். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பட்டையை நீங்களே படியுங்கள். சில செட்களில் இன்வெர்ட்டருக்கு ஐபி 65 இருக்கும், பேட்டரிக்கு 20 இருக்கும். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் 65 மட்டும் தெரியும்.

இன்னொன்று. இந்த எண் வெயிலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஐபி 65 பேட்டரியை மே மாத வெயிலில் நிறுத்தினால் தண்ணீர் உள்ளே போகாது, அவ்வளவுதான். சூடு தாராளமாக உள்ளே போகும்.

வெயில் பேட்டரியை என்ன செய்யும்?

வீட்டுக்கு இப்போது வருகிற லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலானவை லித்தியம் அயன் பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி வகை. மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டை நன்றாகத் தாங்குபவை. ஆனாலும் அவை அதிகம் விரும்புவது 25 டிகிரியை ஒட்டிய வெப்பம். பெட்டியில் 6000 சுழற்சி (அத்தனை முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம்) என்று அச்சடித்திருந்தால் அது பெரும்பாலும் 25 டிகிரியில் வைத்துக் கணக்கிட்டதாகத்தான் இருக்கும். சார்ஜ் ஏற்றுவதற்கான உச்ச எல்லையை, பேட்டரியைப் பொறுத்து, 45 முதல் 55 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் காவல் காக்கும் மின்சுற்று, முதலில் வேகத்தைக் குறைக்கும், பிறகு இணைப்பையே துண்டித்துவிடும்.

நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. இது நிழலில் அளந்த கணக்கு. நேர் வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டியின் மேல் அந்த நேரத்தில் கை வைக்க முடியாது. அதற்குள் பேட்டரி வேலை செய்யும்போது தானாக உண்டாகும் சூடு வேறு. மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போய், பேட்டரி கைகொடுக்க வேண்டிய அதே நேரத்தில் அது சூடு தாங்காமல் தன்னை அணைத்துக்கொள்ளும். உள்ளுக்குள் ஆயுளும் குறைந்துகொண்டே வரும். உத்தரவாதத் தாளில் வெப்ப எல்லை எழுதியிருக்கும். பல பேட்டரிகள் வெப்பநிலையைத் தாங்களே பதிவு செய்துகொள்வதால், பிறகு வாதாடவும் முடியாது.

அப்படியானால் எந்தப் பக்கச் சுவரில் மாட்டுவது?

இந்தக் கேள்விக்குத்தான் தவறான பதில் அதிகம் சுற்றுகிறது. அமெரிக்க, ஐரோப்பியக் கையேடுகளில் வடக்குச் சுவரே நல்லது என்று இருக்கும். அவர்களுக்கு அது சரி. சூரியன் அவர்களுக்கு வருடம் முழுக்க நண்பகலில் தெற்குப் பக்கமாகவே இருக்கும். தமிழ்நாடு 8 முதல் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிட்டு வடக்கே தாண்டிப் போகும். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்ப உச்சிக்கு வரும். கன்னியாகுமரியில் இந்தக் காலம் இன்னும் நீளம்: ஏப்ரல் நடுவுக்கு முன்பே தொடங்கி ஆகஸ்ட் முடிவு வரை.

அதாவது, வருடத்தின் மிகச் சூடான மாதங்களில் வெயில் படுவது வடக்குச் சுவரில். அப்போது தெற்குச் சுவரில் நேர் வெயில் விழாது. மாடியில் பேனல்களைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைப்பதால், தெற்கு என்றாலே வெயில் என்று நினைத்துக்கொள்கிறோம். தெற்குச் சுவரில் நன்றாக வெயில் படுவது அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரைதான். அப்போது காற்றில் சூடு குறைவு, பாதி நாள் மேகமூட்டம் வேறு.

மழையையும் சேர்த்துப் பார்த்தால் தெற்குச் சுவருக்கு இன்னொரு மதிப்பெண். சென்னை, கடலூர்ப் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. சாரல் வடக்கு, கிழக்குச் சுவர்களில்தான் அதிகம் அடிக்கும். ஆக, சென்னையில் என்னுடைய வரிசை இதுதான்: இரண்டடி சன்ஷேட் உள்ள தெற்குச் சுவர் முதலில். அடுத்து கிழக்கு, காலை வெயில்தான் படும், ஆனால் மழைக்கு ஐபி 65 கட்டாயம். பிறகு வடக்கு. மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். மாலைச் சாய்வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. அந்தச் சுவரின் செங்கல் ராத்திரி பத்து மணி வரை சூட்டைக் கக்கும்.

தென்மேற்குப் பருவமழை பலமாக அடிக்கும் கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரிப் பக்கம் காற்றின் திசை வேறு. அங்கே எந்தச் சுவர் ஆடியில் நனைகிறது, எந்தச் சுவர் பாசி பிடிக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பக்கத்து வீட்டுச் சுவர் ஐந்தாறு அடியில் நிற்கும் சந்து உங்களுக்கு இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் தளரும். அங்கே எந்தத் திசையிலும் வெயில் சில மணி நேரம்தான். நேரில் பார்த்துவிடுவதே நல்லது. வெயில் நாளில் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு, நினைத்திருக்கும் சுவரில் காலை ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஐந்து மணிக்கு நிழல் விழும் விளிம்பில் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் மணியையும் எழுதிவிடுங்கள். சாயங்காலம் பார்த்தால் பேட்டரிக்கான செவ்வகம் சுவரிலேயே தெரியும். மே மாதத்தில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை செய்ய முடிந்தால் அதற்கு மேல் தெளிவு தேவையில்லை.

வாஸ்துப்படி அக்னி மூலையில்தான் வைக்க வேண்டும் என்கிறார்களே?

தென்கிழக்கு மூலை மேலே சொன்ன காரணங்களால் நல்ல இடம்தான். அந்த மூலையின் தெற்குப் பக்கச் சுவரில் மாட்டிவிடுங்கள். சமையலறை அங்கேயே இருந்து கேஸ் சிலிண்டரும் வெளியே அதே மூலையில் நின்றால் மட்டும் வேறு இடம் பாருங்கள்.

கார் போர்டிகோவில் வைக்கலாமா?

தாராளமாக. மேலே கான்கிரீட் கூரை, மூன்று பக்கம் காற்று. பெரும்பாலான வீடுகளில் இதுதான் இருப்பதில் சிறந்த இடம். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கார் பின்னால் வந்து இடிக்காதபடி தரையில் ஒரு கட்டையோ இரும்புத் தூணோ வையுங்கள். வாசல் கதவை ஒட்டி மாட்டாதீர்கள். ஏசியின் வெளி யூனிட் அங்கே இருந்தால் அதன் அனல் காற்று பேட்டரி மேல் அடிக்காத தூரத்தில் வையுங்கள். போர்டிகோவுக்குத் தகரக் கூரை போட்டிருந்தால் அதை நிழல் என்று எண்ண வேண்டாம். கீழே நின்று பார்த்தாலே தலையில் சூடு இறங்குவது தெரியும்.

மொட்டை மாடியில், பேனலுக்கு அடியில் வைத்தால் கேபிள் மிச்சமாகுமே?

வேண்டாம். பேனலின் நிழல் இருந்தாலும் கீழே தளம் கொதிக்கும், மேலே பேனலின் அடிப்பக்கம் கொதிக்கும். புயல் காற்று, மின்னல் எல்லாம் அங்கேதான் அதிகம். மாடிப்படி முடியும் இடத்தில் இருக்கும் சின்ன அறையும் மே மாதத்தில் அடுப்பு. அதோடு அது மாடிக்குப் போகும் வழி. கேபிளைக் கீழே இறக்குவதற்கான செலவை ஒரு தடவை செய்துவிடுங்கள்.

தரையிலிருந்து எவ்வளவு உயரம்?

உங்கள் தெருவில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி இடங்களில் சொல்வதற்கு ஆட்கள் இருப்பார்கள். சில வீட்டுச் சுவர்களில் கறையே இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே இன்னும் ஓரடி விட்டுப் பேட்டரியின் அடிப்பாகம் வர வேண்டும். தண்ணீரே நிற்காத மேட்டுப் பகுதி என்றாலும், முற்றம் கழுவும் தண்ணீரும் மழைத் தெறிப்பும் படாமல் இருக்க ஓரடி உயரமாவது வேண்டும். இதுவரை வராத இடத்துக்குத் தண்ணீர் வராது என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

5 யூனிட் பேட்டரி ஒன்று 45 முதல் 50 கிலோ வரை இருக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் நல்ல ஆங்கர் போல்ட் போட்டு மாட்டலாம். நாலரை அங்குலச் சுவரிலும் உள்ளே பொள்ளலான பிளாக் சுவரிலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். கீழிருந்து தாங்கும்படி சிமென்ட் மேடை கட்டுங்கள், அல்லது தரையில் ஊன்றிய இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். போல்ட் பிடிப்பது பூச்சில் இல்லை, செங்கலில். போல்ட்டின் நீளத்தை முடிவு செய்யும்போது பூச்சுக்குள் போகும் பகுதியைப் பிடிப்பாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மேலே நிமிர்ந்து பார்க்கவும் மறக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் சரியாக அந்த இடத்துக்கு மேலே வந்து ஊற்றும் வீடுகள் உண்டு.

கதவு, சன்னலிலிருந்து எவ்வளவு தள்ளி?

நம் நாட்டில் வீட்டுக்காரர் எடுத்துப் படித்துப் பின்பற்றும்படியான தனி அளவு விதி பழக்கத்தில் இல்லை. அதனால் வெளிநாட்டு விதிகளைத் துணைக்கு எடுத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 855 என்ற தீப்பாதுகாப்பு நெறி கதவு, சன்னலிலிருந்து 3 அடி தள்ளச் சொல்கிறது. மேலே சொன்ன பிரிட்டிஷ் நெறி 1 மீட்டர் என்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதைப் பின்பற்றுங்கள். வெளியே வந்த புகை சன்னல் வழியாகத் திரும்ப உள்ளே போகக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். ஏசி ஓட்டை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன், குளியலறை வென்டிலேட்டர் எல்லாவற்றையும் சன்னலாகவே எண்ணுங்கள்.

கேஸ் சிலிண்டர், ஜெனரேட்டர், பெட்ரோல் வண்டி, விறகு, பழைய பேப்பர்க் கட்டு எதுவும் பக்கத்தில் வேண்டாம். நம் செங்கல் சுவர் தீப்பிடிக்காது என்பதால் மரவீட்டு நாடுகளுக்கு உள்ள ஒரு பெரிய கவலை நமக்கு இல்லை.

பேட்டரியைச் சுற்றித் தகரப் பெட்டி செய்து மூடிவிடலாமா?

இதை எல்லோரும் செய்யப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மூடிய தகரப் பெட்டி வெயிலில் அடுப்பாகிவிடும். திருட்டுப் பயம் இருந்தால் கம்பிக் கூண்டு போடுங்கள். சுற்றிலும் ஓரடி இடைவெளி, முன்பக்கம் முழுதும் திறக்கும் கதவு, பூட்டின் சாவி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில். வெயிலை மறைக்க வேண்டுமானால் பேட்டரியிலிருந்து அரையடியாவது தள்ளி ஒரு சிமென்ட் ஷீட்டை நிறுத்துங்கள். நடுவில் காற்று ஓட வேண்டும்.

எங்களிடம் இருப்பது பழைய மாதிரி ட்யூப்லர் பேட்டரி. அதை வெளியே வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் விதிகள் வேறு. இதில் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பொறி பட்டு வெடிக்கக்கூடிய வாயு அது. லேசானதால் மேலே போய்த் தேங்கும். அதனால் பேட்டரி இருக்கும் இடத்தின் மேல்பக்கம் திறப்பு இருந்தே ஆக வேண்டும். கீழே பேட்டரி, அதற்கு நேர் மேலே பலகையில் இன்வெர்ட்டர், இரண்டையும் சேர்த்து ஒரே அலமாரியில் அடைப்பது பல வீடுகளில் இருக்கும் ஏற்பாடு. அமிலப் புகை மேலே போய் இன்வெர்ட்டரின் போர்டை அரிக்கும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ரிலே சுவிட்சின் பொறி வாயுவுக்குப் பக்கத்திலேயே விழும். இன்வெர்ட்டரைப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள்.

சூட்டுக்கு இந்த ட்யூப்லர், அதாவது லெட் ஆசிட் வகை, இன்னும் பயப்படும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8, 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையில் நெடுநாளாக இருக்கும் கணக்கு. கோடையில் டிஸ்டில்டு வாட்டரும் சீக்கிரம் வற்றும்.

கேபிள் வேலையில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

நான்கு இடங்கள்.

முதலில் டிசி பிரேக்கர். 48 வோல்ட் பேட்டரியில் 5 கிலோவாட் இழுத்தால் கேபிளில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். லைனில் நம் வீட்டுக்கு வரும் ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம், நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொட்டு வருவதால் சாதாரண எம்சிபி (தானாக டிரிப் ஆகும் சுவிட்ச்) அதை எளிதில் துண்டிக்கும். பேட்டரியிலிருந்து வரும் டிசி, அதாவது நேர்திசை மின்சாரத்தில் அந்தப் பூஜ்ஜியம் கிடையாது. சாதாரண எம்சிபி திறந்தாலும் உள்ளே தீப்பொறி அறுபடாமல் எரிந்துகொண்டே இருக்கலாம். டிசி என்று குறிப்பிட்ட பிரேக்கரோ ஃபியூஸோதான் இருக்க வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் டிபி பாக்ஸைத் திறந்து காட்டும்போது அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் படம் எடுத்து இன்னொருவரிடம் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே தூரம். இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். நீளம் கூடினால் கேபிள் கனமும் விலையும் கூடும், வோல்ட்டும் விழும். 5 கிலோவாட்டுக்கு 35 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் வழக்கமான அளவு.

மூன்றாவது, கேபிள் பெட்டிக்குள் நுழையும் விதம். கீழிருந்து நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் கேபிள் சற்றுக் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போதுதான் கேபிள் மேல் வழியும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்து ஓட்டையை மூடும் வளையம்) போடாத ஓட்டைகள் எல்லாவற்றிலும் அடைப்பு இருக்க வேண்டும். வசதிக்காகப் பெட்டியின் தலையில் புது ஓட்டை போட்டால் ஐபி எண் அந்த நிமிடமே போய்விட்டது. ஒரு ஓட்டை திறந்திருந்தால் ஐப்பசிக்குள் குளவி மண் கூடு கட்டிவிடும். எறும்பு வரிசையாகப் போகும், அதைத் தின்னப் பல்லி போகும். இரண்டு முனைக்கும் குறுக்கே உடம்பு பட்டுக் கருகிய பல்லியைப் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் போர்டும் கருகிக் கிடந்தது.

நான்காவது எர்த். மின்னல் தாங்கிக்கு, டிசி பக்கத்துக்கு, ஏசி பக்கத்துக்கு என்று தனித்தனி எர்த் குழி வேண்டும். மின்னலால் திடீரென எகிறும் வோல்ட்டைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பானும் இருக்க வேண்டும்.

வீடு கடற்கரைக்குப் பக்கம். உப்புக்காற்று?

இருப்பதிலேயே கடினமான இடம் இதுதான். ஈசிஆர், நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் சாதாரண நட்டு ஒரு மழைக்காலத்தில் சிவந்துவிடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் மெல்லத் துருப்பிடிக்கும், 316 ரகம் கேளுங்கள். கடலிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் வெளியே வைக்காதீர்கள் என்று சில தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். வாங்கும் முன்பே அந்தப் பக்கத்தைப் படியுங்கள். கடல் உங்கள் மாடியிலிருந்து தெரிகிறது என்றால், என் ஆலோசனை: காற்றோட்டமுள்ள தனிச் சிறு அறை கட்டி அதில் வையுங்கள்.

சோலார் ஏற்கெனவே இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் நிற்கிறதே, ஏன்?

உங்களுடையது ஆன்கிரிட் இன்வெர்ட்டர். லைனில் கரண்ட் இல்லாதபோது அது தானாக நிற்க வேண்டும் என்பது விதி. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்வாரிய ஊழியரின் உயிரைக் காப்பதற்காக வைத்த விதி. பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போட்டால், அது வீட்டை லைனிலிருந்து பிரித்துவிட்டுத் தனியாக ஓட்டும்.

இதில் இரண்டு விஷயங்களை முன்பே கேட்டுவிடுங்கள். கரண்ட் இல்லாதபோதும் பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுமா? பேட்டரி முழுக்கத் தீர்ந்துவிட்டால் மறுநாள் காலை வெயில் வந்ததும் தானாக எழுந்துகொள்ளுமா? சில அமைப்புகளில் பிஎம்எஸ் தூங்கிவிட்டால் எழுப்புவதற்கு லைன் கரண்ட் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்துக்காகத்தான் பேட்டரி வாங்குகிறோம். 20 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திக்கொள்ளும்படி அமைத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

5 யூனிட் பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?

மூன்று சாதாரண ஃபேன், ஃபிரிட்ஜ், சில எல்இடி விளக்கு, வைஃபை என்றால் ஏறக்குறைய 375 வாட். கையில் கிடைப்பது நாலேகால் யூனிட் என்று வைத்தால் சுமார் 11 மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்தும் நாளை நிம்மதியாகக் கடக்கலாம். ஒரு டன் ஏசி ஓட்டினால் நாலு மணி நேரம்தான்.

பேட்டரி வைத்தால் கரண்ட் பில் குறையுமா? மானியம் உண்டா?

நெட் மீட்டர் இருக்கும் வீட்டில், பகலில் மிஞ்சும் மின்சாரம் லைனுக்குப் போய்க் கணக்கில் கழிகிறது. லைனே உங்களுக்குப் பேட்டரி மாதிரி வேலை செய்கிறது. அதனால் பில்லைக் குறைக்க என்று பேட்டரி வாங்காதீர்கள். போட்ட பணம் திரும்பாது. கரண்ட் தடைக்காக, வீட்டில் மருத்துவக் கருவி ஓடுகிறது என்பதற்காக, புயல் காலத்துக்காக வாங்குங்கள்.

2024-ல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் பேனலுக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம். பேட்டரிக்கு என்று அதில் கூடுதல் பணம் கிடையாது. நெட் மீட்டர் உள்ள வீட்டில் இன்வெர்ட்டரை மாற்றுவதாக இருந்தால் முதலில் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் பேட்டரி மூழ்கிவிட்டால்?

தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததுமே, கால் நனையாமல் எட்டக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும், பிரேக்கரை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடாதீர்கள். வடிந்த பிறகு காய வைத்து ஆன் செய்து பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். உள்ளே போன தண்ணீர், அதிலும் உப்பு கலந்த தண்ணீர், நாட்கள் கழித்தும் ஷார்ட் ஆக்கித் தீ வைக்கும். 2022-ல் இயன் புயல் அடித்த ஃபுளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, வெள்ளம் வடிந்த பிறகுதான் எரிந்தன. பக்கத்தில் யாரையும் விடாமல் நிறுவியவரைக் கூப்பிடுங்கள்.

புகையோ, சீறும் சத்தமோ, இனிப்பும் காரமும் கலந்த ரசாயன வாடையோ வந்தால் எல்லோரும் வெளியேறி 101-க்கு அழைத்து, லித்தியம் பேட்டரி என்று சொல்லுங்கள். வீட்டில் வைத்திருக்கும் சிறிய தீயணைப்பான் இதை அணைக்காது. ஏராளமான தண்ணீர் விட்டுக் குளிர்விப்பது தீயணைப்புத் துறையின் வேலை.

பராமரிப்பு என்ன?

லித்தியத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. மாதம் ஒரு முறை பக்கத்தில் போய் நின்று பாருங்கள்: எறும்புக் கோடு, துரு, கேபிள் நிறம் மாறியிருக்கிறதா, வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா. பைப் போட்டுப் பீய்ச்சிக் கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன், எலக்ட்ரீஷியனை ஒரு தடவை வரச்சொல்லி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முனைகளின் போல்ட் இறுக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதால் வெளியே இருக்கும் போல்ட்கள் நாளாவட்டத்தில் தளரும். தளர்ந்த முனையில் 100 ஆம்பியர் ஓடினால் அது பழுக்கக் காயும். எவ்வளவு இறுக்கம் என்பது கையேட்டில் எண்ணாகவே இருக்கும். கை பலத்துக்கு இறுக்குவது கணக்கில்லை.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

ட்யூப்லர் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்கள். லித்தியத்தைக் காயலான் கடையில் போடாதீர்கள், அங்கே அதை உடைப்பவருக்கு அது ஆபத்து. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கும்போதே, திரும்ப எடுத்துக்கொள்வது யார், எந்த ஊரில் என்று கேட்டு பில்லின் பின்புறம் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.